இடது கன்னத்துச் சோறு

தேங்காயைக் கையில எடுத்தா எனக்கு எடை தெரியும். பெருமைக்குச் சொல்லலை, தொழில் அப்படி. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னாடி இருபத்திரண்டு வருஷமா, எறிஞ்சு உடைக்குத விடலைத் தேங்காய் விக்கேன். ஒரு காயைத் தூக்கினா எத்தனை கிராம், உள்ள தண்ணி எவ்வளவு, எறிஞ்சா சிதறுமா இல்ல ரெண்டாப் பிளந்துக்கிட்டுக் கிடக்குமா, எல்லாம் சொல்லிருவேன். சந்தேகம்னா தராசுல போட்டுப் பாருன்னு சொல்லுவேன். போட்டுப் பார்த்தவன் எவனும் என்னை ஜெயிச்சதில்ல.

அந்தக் கைதான் என் தம்பியைக் கொல்லப் பார்த்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேரு செண்பகவல்லி. தம்பி சொரிமுத்து. எனக்கு நாற்பத்தெட்டு, அவனுக்கு முப்பத்தாறு. பிறக்கும்போதே அழாம, நீலம் பாரிச்சு வந்த பிள்ளை. ஆஸ்பத்திரிச் சீட்டுல செரிப்ரல் பால்சின்னு எழுதியிருக்கும். தமிழ்ல மூளை முடக்குவாதம்ங்காங்க. மூளை எங்கய்யா முடங்கிச்சு? கிரிக்கெட்ல யாரு எந்த ஓவர்ல அவுட்டானான்னு கேளுங்க, அவனுக்குத் தெரியும். கையும் காலும்தான் சொன்ன பேச்சு கேக்காது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நெளியும், முறுக்கும், உதறும். தூங்கினாத்தான் அடங்கும். பேச்சு வராது. ஆமான்னா கண்ணை மேல தூக்குவான், இல்லன்னா இறுக்கி மூடுவான். எங்களுக்கு அது போதும்.

கரமனையில ஆத்துக்குப் பக்கத்துச் சந்துல ரெண்டு ரூம் வாடகை வீடு. என்னைக் கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான், அவன் கதை இங்க வேண்டாம். வீட்ல நான், தம்பி, எங்கம்மை பேச்சியம்மாள். முப்பத்தாறு வருஷமும் அவனைத் தூக்கினது, குளிப்பாட்டினது, ஊட்டினது எல்லாம் அம்மைதான். வேற ஒரு கை அவன் மேல பட விடமாட்டா. எதிர்வீட்டு சபீனா ஒருநாள் கால்மாட்டைப் பிடிக்க வந்ததுக்கு, "நீ உன் தையல் மிஷினைப் பாரு"ன்னு விரட்டிட்டா.

ஊட்டுத முறை ஒண்ணு உண்டு. அவனுக்கு இடது பக்கம் முக்காலி போட்டு உக்காருவா. ஒரே கிண்ணம். அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். கிண்ணம் காலியாகுத வரைக்கும் இப்படித்தான். பெத்தவ பாசத்தைப் பாருன்னு சந்தே சொல்லும். நானும் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை தவறாம அவனைச் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போயி, செல்வகணேஷோட ஆக்ரிக் கடையில, அதான் பழைய இரும்பும் பேப்பரும் எடுக்குத கடை, அங்க இருக்குத பெரிய தராசுல நிறுத்துக்கிட்டு வருவா. பிள்ளை உடம்பு மேல என்ன அக்கறைன்னு நினைப்பேன்.

சித்திரை மாசம் ஒரு காலையில அவனைக் கட்டில்ல இருந்து தூக்கி நாற்காலியில வச்சா. வச்சிட்டுப் பக்கத்து முக்காலியில உக்காந்தா. அவ்வளவுதான். நான் கடையை விட்டு பதினோரு மணிக்கு வந்து பார்க்கும்போது அவ தலை தொங்கிக் கிடக்கு, அவன் கண்ணு அவ மேலயே நிக்குது. எவ்வளவு நேரமா அப்படிப் பார்த்துக்கிட்டிருந்தானோ, பாவி மட்டை. ஆட்டோ வரைக்கும் அம்மையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். தலை என் இடது தோள்ல சரிஞ்சு கிடந்துச்சு. அந்த அழுகைக்கு நடுவுலயும் கை பாட்டுக்குக் கணக்குச் சொல்லிச்சு. முப்பத்தெட்டு கிலோ.

ஆடி மாசம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வருஷத்துக்கு ஒருதரம் பார்க்கணும். அங்க சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லுத பொண்ணு ஒருத்தி, ரெம்யான்னு பேரு. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவா. நாற்காலியோட ஏத்தி நிறுக்குத மெஷின்ல ஏத்தினா. போன வருஷம் முப்பது இருந்துச்சு, இப்ப இருபத்தெட்டரை.

"சேச்சி, இந்த ஆளு நாள் முழுக்க ஓடிக்கிட்டிருக்கார், கேட்டோ."

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. "ஓடுதானா? நாற்காலியை விட்டு எந்திரிச்சவனே இல்லம்மா."

"கையும் காலும் நிக்கவே இல்லியே. அந்த அசைவெல்லாம் ஓட்டம்தான் சேச்சி. சிலருக்குத் தசை இறுகிப் போயி அசைவே இருக்காது, அவங்களுக்குக் கொஞ்சம் போதும். இவருக்கு அப்படியில்ல. வேலைக்குப் போற ஆளுக்குக் கொடுக்கற மாதிரி கொடுக்கணும். ஒரே நேரமா முடியாது, நாளைக்கு ஆறு தடவையாக் கொடுங்க."

முட்டை, தயிர், ஏத்தன் வாழைப்பழம், வறுத்த நிலக்கடலைப் பொடி, எல்லாத்துலயும் ஒரு கரண்டி நெய், இல்லன்னா தேங்காய்ப்பால். எல்லாம் கட்டியில்லாம மசிச்சு. தண்ணியை அப்படியே ஊத்தினா மூச்சுக்குழல்ல இறங்கிரும், கூவைக்கிழங்குப் பொடி போட்டுக் கொழகொழன்னு ஆக்கணும். வலிப்பு மாத்திரை எலும்பை அரிக்கும், அதுக்குக் காலை வெயில்ல கொஞ்ச நேரம் வைக்கணும். நிமிர்ந்து உக்கார வச்சு, நாடி கொஞ்சம் கீழ பார்க்க ஊட்டணும். அண்ணாந்த வாயில ஊட்டவே கூடாது. என் பெருவிரலைப் பிடிச்சு அவன் தொண்டைக்குழல் மேல வச்சுக் காட்டினா. "இது ஏறி இறங்கினாத்தான் முழுங்கினதா அர்த்தம். ரெண்டு தடவை ஏறட்டும். அப்புறம் அடுத்த வாய்."

கடைசியில சொன்னா: "இருபத்தேழுக்குக் கீழ விடாதீங்க. அதுக்குக் கீழ போயிட்டா ஒரு சாதாரணப் பனி, காய்ச்சல் வந்தாலே நெஞ்சு தாங்காது. ஆறு வாரம் பார்ப்போம். ஏறலைன்னா வயித்துல டியூப் வைக்கறதைப் பத்தி டாக்டர் பேசுவார். பயப்படாதீங்க, அதுவும் சோறு போற வழிதான்."

தேங்காய்க்காரி வீட்டுல தேங்காய்ப்பாலுக்கா பஞ்சம்? அம்மை இருந்த வரைக்கும், மந்தம்னு சொல்லி அவனுக்குத் தேங்காயே காட்டமாட்டா. நான் அன்னைக்கே திருகினேன். காலையில கடைக்குப் போகுமுன்ன ஒரு தரம், பதினோரு மணிக்கு வந்து ஒரு தரம், அப்படியே ஆறு தரம், சொன்னபடி செஞ்சேன். நான் இல்லாத நேரம் சபீனா வாசல்ல மிஷினைப் போட்டுத் தைச்சுக்கிட்டே ஒரு கண்ணு வச்சிக்கிடுவா.

அவனும் வாயைத் திறந்தான். வேண்டாம்னு சொல்லலை. கிண்ணம் காலியாகும். நான் அவன் எதிர்ல நின்னுக்கிட்டு ஊட்டுவேன், ஒரு வாய் கொடுத்துட்டு அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன், மறுபடி ஒரு வாய். தொண்டைக்குழலைத் தொட்டுப் பார்க்க யாருக்கு நேரம்? இடது கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கும். அடுத்த தரம் திரும்பும்போது வத்திரும். முழுங்கிட்டான்னு அடுத்த வாயைக் கொடுப்பேன்.

ஒரு வாரத்துல கட்டில்ல இருந்து தூக்கினேன். கை சொல்லிச்சு, முப்பத்தஞ்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். லேய் மக்கா, அக்கா சமையலா கொக்கான்னு அவன் கன்னத்தைக் கிள்ளினேன். அவன் சிரிக்கலை. ரெண்டாவது வாரம் நாற்பது. அதுக்கடுத்த நாலாம் நாள் நாற்பத்தஞ்சு. தூக்கி வச்சிட்டு நிமிர முடியலை, இடுப்புல கத்தி சொருகினாப்பல ஒரு பிடி.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிருதேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்குப் பயம் வந்துட்டு. இப்படியே போனா அம்பது, அறுபதுன்னு ஆயிருவான், அப்புறம் யாரு தூக்குவா? இவனைத் தூக்க ஒரே ஒருத்தி. அவ இடுப்பு போயிட்டா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது. நல்லாத்தான் தேறிட்டானே, போதும்னு நானே முடிவு பண்ணினேன். ஆறு தரத்தை மூணாக்கினேன். நெய்யை நிறுத்தினேன். தேங்காய்ப்பாலை நிறுத்தினேன். சும்மா உக்காந்திருக்கவனுக்கு இவ்வளவு போதும்னு வாய்விட்டே சொன்னேன். அவன் எதிர்லயே சொன்னேன்.

கண்ணு இருந்துச்சு எனக்கு. கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு, மணிக்கட்டு குச்சியாட்டம் ஆச்சு. டிராயர் இடுப்புல நிக்கலை. எலாஸ்டிக் தளர்ந்துட்டுன்னு சபீனாகிட்டக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவ பிடிச்சுக்கொடுத்தா, ஒரு வாரத்துல மறுபடியும் கழண்டுச்சு. கண்ணு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. நான் கையைத்தான் நம்பினேன்.

சபீனா ஒருநாள் ஊசியை வாயில வச்சுக்கிட்டே கேட்டா: "அக்கா, தம்பி யாருக்கு வாயைத் திறந்து காட்டுது?"

"என்னது?"

"நீங்க ஊட்டிட்டு அடுப்படிக்குப் போயிருதீங்கல்ல. அப்ப அது இடது பக்கம் திரும்பி, மெதுவா வாயைத் திறக்குது. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருக்குது. அப்புறம் மூடிக்குது. தினமும் பார்க்கேன்."

"ஈ விரட்டுவான். உனக்கு வேற வேலையில்லையா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ மிஷினை ஓட்டினா. எனக்கு அன்னைக்கு முழுக்க முதுகுல யாரோ மூச்சு விடுத மாதிரியே இருந்துச்சு.

நாலாவது வாரம் ஞாயித்துக்கிழமை. அவனைக் கட்டில்ல இருந்து எடுக்கப் போறேன், அசைய மாட்டேங்கான். முதல் தரம் முடியலை. ரெண்டாம் தரம் மூச்சுப் பிடிச்சுத் தூக்கிச் சக்கர நாற்காலியில போட்டேன். எனக்குக் கண்ணு இருட்டிட்டு. இவனையா அந்தப் பொண்ணு இருபத்தெட்டுன்னு சொன்னா? இருக்கட்டும், செல்வகணேஷ் தராசுல போட்டு எழுதி வாங்கி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுதேன்னு, வீம்புக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன்.

செல்வகணேஷ் கோவில்பட்டிக்காரன், நல்ல மனுஷன். அம்மை போனப்புறம் நான் அங்க போறது அதுதான் முதல் தடவை. அம்மை செய்யுத மாதிரியே தம்பியைத் தூக்கிக்கிட்டு நான் தராசு மேல ஏறி நின்னேன். காலு நடுங்குது. தொண்ணூத்தொண்ணரைன்னான். அவனை இறக்கிட்டு நான் மட்டும் ஏறினேன். அறுபத்தஞ்சு.

"இருபத்தாறரை"ன்னு சொன்னான்.

"உன் தராசு கேடு"ன்னு கத்தினேன். அவன் கோவிக்கலை. இருபது கிலோ படிக்கல்லு ரெண்டைத் தூக்கி மேல வச்சான். நாற்பதுன்னு நின்னுச்சு. குறையவும் இல்ல, கூடவும் இல்ல.

அவன் படிக்கல்லை இறக்கிக்கிட்டே சொன்னான்: "அம்மா இருந்தா இன்னைக்குச் சந்தோஷப்பட்டிருக்கும்."

"எதுக்கு?"

"இருபத்தாறரைக்குத்தான். முப்பதுக்கு மேல முள்ளு போனா அம்மாவுக்கு முகம் செத்துப்போகும்லா. கீழ இருந்தா, நல்லது தம்பின்னு சிரிச்சுக்கிட்டுப் போகும். ஒருதரம் முப்பத்திரண்டு காட்டிருச்சு. இனி நான் கூடக் கொஞ்சம் தின்னணும்னு சொல்லிச்சு. நீங்க தின்னா இவரு எப்படிம்மா குறைவாருன்னு கேட்டேன். முப்பதைத் தாண்டினா என்னால தூக்க முடியாது, எனக்கு முடியாத அன்னைக்கு இவனை யாரு தூக்குவான்னு கேட்டுச்சு."

ஞாயித்துக்கிழமை தோறும் அவ நிறுத்தது அவன் ஏறினானான்னு பார்க்க இல்ல. ஏறிரலையேன்னு பார்க்க. ஒரே கிண்ணத்துல பாதியை அவ தின்னதும் அதுக்குத்தான். நாற்காலியில அவன் கையும் காலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, நிக்காம. முப்பத்தாறு வருஷமா அரை வயித்தோட ஓடியிருக்கான். நான் அதே வீட்டுல இருந்து பாசம், பாசம்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயில். சந்துல ஒரு ஈ காக்கா இல்ல, சபீனா மிஷின் மட்டும் ஓடுது. சக்கர நாற்காலியில இருந்து சாப்பாட்டு நாற்காலிக்கு மாத்தணும். குனிஞ்சு தூக்கினேன். கை கணக்குச் சொல்லிச்சு, அறுபத்திநாலரை.

நான் நின்ன இடத்துலயே நின்னுட்டேன். இருபத்தாறரை போக முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டு எனக்குப் புதுசில்ல. என் இடது தோள் பக்கமா சரிஞ்சு, விலாவுல எலும்பு குத்த, ஆட்டோ வரைக்கும் நான் சுமந்த கனம். கை எதையும் மறக்காது. சிங்கப்பூர் தைலமும் வெத்திலையும் கலந்த அம்மையோட வாடை கூட வந்துச்சு. தம்பி என் வலது தோள்ல கிடக்கான். இடது தோள்ல ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாத இடம்தான் கனக்குது.

அவனை எப்படியோ நாற்காலியில வச்சேன். பெல்ட்டைப் போட்டேன். வெளிய ஓடிரலாமான்னு இருந்துச்சு. அவனை விட்டுட்டு எங்க ஓட? சோத்தை மசிச்சேன், முட்டையை மசிச்சேன், தேங்காய்ப்பால் ஊத்தினேன், நெய் ஊத்தினேன். இந்தத் தடவை எதிர்ல நிக்கலை. அவன் முன்னாடி தரையோட உக்காந்து, இடது கைப் பெருவிரலை அவன் தொண்டைக்குழல் மேல வச்சேன். ரெம்யா காட்டின மாதிரியே.

முதல் வாய். ஏறி இறங்கிச்சு. மறுபடி ஏறி இறங்கிச்சு. ரெண்டாவது வாய். அதை இடது கன்னத்துல ஒதுக்கினான். என்னையே பார்த்தான். நான் திரும்புவேன்னு காத்திருக்கான். நான் திரும்பலை. கடைசியில அவனே மெதுவா இடது பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான். அம்மையோட முக்காலி அங்கதான் கிடக்கு, காலியா. கன்னத்துல மசிச்ச சோறு வெள்ளையாத் தெரியுது. நான் கண்ணைச் சிமிட்டலை. அது குறைஞ்சுச்சு. விரலால வழிச்சு எடுக்குத மாதிரி, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, கன்னம் சுத்தமாயிட்டு. தரையில ஒரு பருக்கை விழலை. என் விரலுக்கு அடியில தொண்டைக்குழல் அசையவே இல்ல.

அய்யோ, என் மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கேட்டேன்: "மக்கா, அம்மை இங்க இருக்காளா?"

கண்ணை மேல தூக்கினான்.

"ஒரு வாய் விட்டு ஒரு வாய் அவளுக்கா?"

தூக்கினான்.

"உனக்குப் பசிக்குதா லேய்?"

முக்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் கண்ணை மேல தூக்கினான். தூக்கின கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுச்சு.

முப்பத்தாறு வருஷத்துல இந்தக் கேள்வியை நான் அவன்கிட்டக் கேட்டதே இல்ல. எனக்கு என் மேலயும் கோவம், அவ மேலயும் கோவம். எந்திரிச்சு முக்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்கு வெக்கமா இல்லையா? செத்தும் உனக்கு அவன் வாய்ச் சோறா வேணும்? நீ பாதியைப் பிடுங்குத, கனத்துப் போனான்னு என் கையை நீ ஏமாத்த, மீதியை நான் பிடுங்குதேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவனைத் தின்னு முடிச்சிருவோம் போல இருக்கே! இருபத்தாறரை அம்மா. அந்தப் பொண்ணு சொன்ன வரம்பு தாண்டியாச்சு. அடுத்த காய்ச்சலுக்கு இவன் இருக்கமாட்டான்."

வாடை கூடிச்சு. முக்காலி இருந்த பக்கம் வெயில் விழுந்திருக்கு, அந்த இடம் மட்டும் குளிருது. அவ என்ன கேக்கான்னு எனக்குத் தெரியும். செல்வகணேஷ்கிட்டக் கேட்டதைத்தான் கேக்கா, இவனை யாரு தூக்குவான்னு.

"நான் தூக்குவேன். எழுபது கிலோ ஆனாலும் தூக்குவேன். பார்க்கியா? பாரு!"

பெல்ட்டை அவுத்து அவனை வாரி எடுத்தேன். அறுபத்திநாலரை. கொஞ்சமும் குறையலை. உன்னையும் சேர்த்தே தூக்குதேன், வான்னு சொல்லி வாசலைப் பார்த்து நடந்தேன். ஆறு எட்டுதான் இருக்கும் அந்த ரூமு. மூணாவது எட்டுல முட்டி மடங்கிச்சு. நாலாவது எட்டுல இடுப்புல பளிச்சுன்னு ஒரு வலி. விட்டுக்கொடுக்கலை. நிலைப்படி கிட்டப் போனதும் கை நழுவுது. வாய் பேசினது பேசிட்டு, உடம்பு முடியலைங்குது. சத்தியமாச் சொல்லுதேன், கீழ போட்டுருவேன்னுதான் நினைச்சேன்.

தையல் மிஷின் நின்னுச்சு. "அக்கா! என்ன இது, கூப்பிடப்படாதா?"ன்னு சபீனா ஓடி வந்தா. கழுத்துல அளவு டேப்போட, கேக்காம கொள்ளாம, அவன் தொடைக்கு அடியில ரெண்டு கையையும் கொடுத்தா. "நான் பிடிச்சிட்டேன், நீங்க தோளைப் பிடிங்க. தினமும் கூப்பிடுங்கக்கா, நான் எதிர்லதானே கிடக்கேன்."

அந்த நிமிஷம் கனம் போச்சு. இறங்கலை, நகரலை, போச்சு. நாங்க ரெண்டு பேரும் தூக்கின வேகத்துக்கு அவன் மேல எகிறி, நான் பின்னால ரெண்டு எட்டு தள்ளாடிச் சுவத்துல முட்டினேன். என் கையில கிடக்குத என் தம்பியை அப்பத்தான் கை முதல் தடவையா எடை போட்டுச்சு. தண்ணி வத்தின கொப்பரைத் தேங்காய் மாதிரி இருந்தான். இவ்வளவுதானா நீ, இவ்வளவுதானா மக்கா இருக்கன்னு கேட்டுக்கிட்டே அவன் நெஞ்சுல முகத்தை வச்சு அழுதேன். சபீனாவுக்கு ஒண்ணும் புரியலை. அவளும் சேர்ந்து அழுதா.

கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேருமா அவனை நாற்காலியில வச்சோம். நாளைக்கே ரெம்யாவைப் போயிப் பார்க்கணும், டியூப்னா டியூப், எதுன்னாலும் சரின்னு சபீனாகிட்டச் சொன்னேன். நானும் வாறேன்னா. கிண்ணத்துல சோறு ஆறிக் கிடந்துச்சு. சுட வச்சு, இன்னும் ஒரு கரண்டி நெய்யை விட்டு, அவன் முன்னாடி தரையில உக்காந்தேன்.

பெருவிரலைத் தொண்டைக்குழல் மேல வச்சேன். முதல் வாயை முழுங்கினான். ரெண்டாவது வாயை இடது கன்னத்துல ஒதுக்கி, முக்காலிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

காத்திருந்தான். சோறு அப்படியே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் நல்லாத் திறந்து காட்டினான். யாரும் எடுக்கலை. முக்காலியையே பார்த்தான். சித்திரை மாசம் அவ தலை தொங்கினப்போ பார்த்த அதே பார்வை. நான் அவசரப்படுத்தலை. அவன் கையும் காலும், தூங்கும்போது மட்டும் அடங்குத கையும் காலும், அப்படியே நின்னு போச்சு.

அப்புறம் வாயை மூடினான். நாடியைக் கீழ இறக்கினான். என் விரலுக்கு அடியில தொண்டைக்குழல் ஏறி இறங்கிச்சு. அவன் அழுதுக்கிட்டிருக்க, மறுபடியும் ஒரு தடவை ஏறி இறங்கிச்சு.